கப்பலில் வந்த கசப்புச் சாறு

மாதா துணை

சுருளிப்பட்டி ரோடு,
கம்பம்.
14.10.2001, ஞாயிறு

கடல் மேல் வேலை பார்க்கும் அன்பு அண்ணன் அருண் ஜோசப் அவர்களுக்கு, கரையில் இருக்கும் தங்கை அமலோற்பவம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான், கறவை மாடு, போன மாதம் ரிப்பேர் பார்த்த பம்புசெட் மோட்டார் எல்லாம் மாதா புண்ணியத்தில் நலம். தாங்களும், தங்கள் கப்பலும், கப்பலில் தாங்கள் சமைப்பதைச் சாப்பிடுகிறவர்களும் நலமாக இருக்க தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து தங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். இங்கு மழை பரவாயில்லை. அங்கு தண்ணீருக்குக் குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

இதுக்கு மேல தாங்கள்னு எழுதக் கை வரலை அண்ணே. நான் எட்டாவதோட நின்னவ. மரியாதையா எழுதினா விஷயம் வர மாட்டேங்குது, விஷயத்தை எழுதினா மரியாதை போயிருது. விஷயம் அவசரம்கிறதால மரியாதையை விட்டுடுறேன், கோவிச்சுக்காத.

ஒரு கேள்வி. உன் கப்பல்ல இருந்து லீவுல வந்த திலீபன் அண்ணன்கிட்ட நீ குடுத்துவிட்ட அட்டைப்பெட்டியில ஆறு பாட்டில் இருந்துச்சே, அது என்ன? கூட ஒரு சீட்டு வச்சிருந்த. ‘அப்பாவுக்கு. குளிர வைத்துச் சாப்பிடவும்.’ அவ்வளவுதான். பத்து மாசம் கழிச்சு ஒரு சாமான் அனுப்புற, அதுக்கு ஒரு பேரு எழுதக் கூடாதா? எப்படிச் சாப்பிடணும்னு எழுதின ஆளு, எதைச் சாப்பிடணும்னு எழுத வெக்கப்பட்டியா? திலீபன் அண்ணன்கிட்ட கேப்போம்னா, அவரு பெட்டியை வாசல்ல வச்சுட்டு அன்னைக்கே மாமியார் ஊருக்குப் போனவரு, இன்னும் வரலை. பாட்டில்ல எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் பாத்தேன். எழுத்து எல்லாம் தெரிஞ்ச எழுத்துதான், சேத்தா ஒண்ணும் புரியலை.

ஆனா படம் புரிஞ்சுது. அதுதான் வினையே. பெட்டி மேல இருந்த படத்துல உயரமான மரக்கம்பு வரிசையா நட்டு, உச்சியில கம்பி கட்டி, கம்பியில இருந்து கயிறு தொங்கவிட்டு, கயித்தைப் பிடிச்சு ஒரு கொடி மேல ஏறுது. இலை அசல் நம்ம திராட்சை இலை மாதிரியே கை விரிச்சிருக்கு. கொத்துக் கொத்தா பச்சைக் குலை தொங்குது. பாட்டில்லயும் அதே குலை ஒண்ணு பெருசா. கம்பத்துல பொறந்து, நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து பந்தலுக்குக் கீழ குனிஞ்சு நடக்கிறவுக அதை வேற என்னன்னு நினைப்பாக, நீயே சொல்லு. அப்பா பாத்ததும், “ஏ ஆத்தா, இது பச்சைத் திராட்சை. பய நமக்குப் புது ரகம் கண்டுபிடிச்சு அனுப்பியிருக்கான். சாறு இங்க இருக்கு, கொடி படத்துல இருக்கு. பாத்துக்கிட்டு அப்பா செய்யட்டும்னு விட்டிருக்கான்”னாக. நம்ம பந்தல்ல பழம் எடுக்க வர்ற ஏவாரி சுருளியாண்டி மாமா படத்தை வாங்கி வெயில்ல பிடிச்சுப் பாத்துட்டு, அப்பாகிட்ட, “குலை ரொம்ப நெருக்கம் இருதயம். வெள்ளைக்காரன் காயைக் கிள்ளி இடம் விடாம வளத்திருக்கான். உள்ள காத்துப் போகாது, ஒரு மழைக்குத் தாங்காது”ன்னாக. “அங்க மழை வேற மாதிரி பெய்யுமா இருக்கும்”னாக அப்பா. எனக்கு மட்டும் ஒண்ணு உறுத்துச்சு. திராட்சைக் கொடி சுருள் சுருளா கை நீட்டிக் கம்பியைப் பிடிக்கும். படத்துல சுருளே இல்லை. கொடி தன் உடம்பையே கயித்துல முறுக்கிக்கிட்டு ஏறுது. அஞ்சு வருசமா கொடி கட்டுறவ நான், எனக்குத் தெரியாதா? சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அங்கன நாலு ஆம்பளைக நின்னாக. முழுங்கிட்டேன்.

போன மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பந்தலுக்கடியில வச்சு ருசி பாக்குறதுன்னு முடிவாச்சு. நீ குளிர வைக்கச் சொன்னதால விடியக்காலமே ரெண்டு பாட்டிலை வாளியில வச்சுக் கிணத்துல இறக்கியாச்சு. மூடியைத் திறக்க யாருக்கும் தெரியலை. பல்லால கடிச்சுப் பாத்து, இடுக்கி வச்சுப் பாத்து, கடைசியில பந்தல் கல்தூண் விளிம்புல வச்சு அப்பா ஒரு தட்டு தட்டினாக. சொர்ருன்னு பொங்கி, பூசைக்குக் கட்டின வேட்டி பூராம் நுரை. “புளிச்சிருச்சு”ன்னாக சுருளியாண்டி மாமா. “கலர் பாட்டிலும்தான் பொங்குது, அது புளிச்சா பொங்குது?”ன்னாக அப்பா. எவர்சில்வர் தம்ளர்ல ஊத்தினா தேன் நிறம். மேல பால் காய்ச்சின மாதிரி வெள்ளையா நுரை நிக்குது. அப்பா பழம் ருசி பாக்குற மாதிரியே கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாய் எடுத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் புரட்டிப் பாத்து, “மொதல்ல எலுமிச்சந்தோல் வாசம் வருது. அப்புறம் இப்பத்தான் அறுத்த புல்லு. நடுவுல வறுத்த தானியம் மாதிரி ஒரு இனிப்பு எட்டிப் பாத்துட்டுப் போகுது”ன்னு சொல்லிக்கிட்டே வந்தவுக, சட்டுன்னு நிறுத்திட்டாக. நம்ம மாடு ஒரு தடவை கடலைப் புண்ணாக்குன்னு நினைச்சு வேப்பம்புண்ணாக்குல வாய வச்சுச்சே, அந்த முகம்.

“என்னய்யா?”

“கசக்குது.”

“எம்புட்டு?”

“வாயில இருக்கும்போது இல்ல. முழுங்கின பிறகுதான் கசக்க ஆரம்பிக்குது.”

சுருளியாண்டி மாமா ஒரு வாய் குடிச்சுட்டு, “கொட்டையை நசுக்கிட்டான்”னாக. ரெண்டாவது வாய்க்கு, “காம்பையும் சேத்து அரைச்சிருக்கான்”னாக. மூணாவது வாய்க்கு, “மருந்தடிச்சு ஒரு வாரம் கூட ஆகாம பறிச்சிருக்கான்யா, மயில்துத்தம் அப்படியே நாக்குல நிக்குது”ன்னாக. நாலாவதுக்குத் தம்ளரை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்து இருதயம், இந்த மூணுல எதுன்னு உறுதியாத் தெரியலை”ன்னாக.

அப்பத்தான் அம்மா வந்தா. நம்ம அம்மாவைப் பத்தி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்கு மாதர் சங்கத் தலைவி. பிராந்திக் கடையை மூடச் சொல்லி இருபது பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டு ரோட்டுல உக்காந்து, போலீஸ் வேன்ல ஏறி இறங்கினவ. அவ ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டு, “இந்தக் கசப்பு ரத்தத்துக்கு நல்லது. வெறுமனே குடிக்கிறதுக்குப் பதிலா ரெண்டு கரண்டி நாட்டுச்சக்கரை போட்டா சரியாப் போகும்”னு சொல்லி ரெண்டாவது பாட்டிலைத் திறக்கச் சொல்லி, பெரிய செம்புல ஊத்திச் சக்கரையைப் போட்டா. அண்ணே, இனிமே யாரும் அதுல சக்கரை போடாம பாத்துக்க. எரிமலை மாதிரி கிளம்பி அம்மா சேலை, சுருளியாண்டி மாமா மீசை, பக்கத்துல நின்ன கோழி எல்லாம் நுரை. மிச்சம் இருந்ததை, சிந்தினா பாவம்னு அம்மா ஒரே மூச்சுல குடிச்சுட்டா. அதுக்கப்புறம் கோழியைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சவதான். அவ கல்யாணத்துல பந்தியில ரசம் பத்தாமப் போன கதையை மூணு தடவை சொன்னா, மூணு தடவையும் அப்பா தொடையில அடிச்சு அடிச்சுச் சிரிச்சா. பத்தொன்பது வருசத்துல அம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. சந்தோசப்படுறதா பயப்படுறதான்னு தெரியாம நான் கோழியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

சுருளியாண்டி மாமாவுக்குத்தான் மொதல்ல சந்தேகம் வந்துச்சு. அப்பாவைத் தூணுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுப் போயி, “இருதயம், இது பீரு கீரு இல்லையே?”ன்னாக. அப்பாவுக்கு வேர்த்துப் போச்சு. “பீருன்னா பாட்டில்ல பீருன்னு போட்டிருப்பான்ல? பிராந்திக் கடை போர்டுல இருக்கிற அந்த நாலு இங்கிலீசு எழுத்தை இதுல எங்கனயும் காணோம்”னாக. சரி, விசயம் தெரிஞ்ச ஆளை வச்சுப் பாத்துருவோம்னு மறுநாள் சாயங்காலம் சின்னக்கருப்பு மாமாவைக் கூட்டியாந்தாக. பக்கத்துத் தோட்டத்துல வாழைக்குத் தண்ணி பாச்சுறவுக, அவுகளை விட்டா நம்ம தெருவுல இந்த விசயத்துல அனுபவசாலி கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, வைத்தியர் நாடி பிடிச்ச மாதிரி அவ்வளவு பொறுப்பா வந்து உக்காந்தாக. மூணாவது பாட்டிலைத் திறந்து, மோந்து பாத்து, ஒரு வாய் குடிச்சு, வானத்தைப் பாத்தாக. “அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது”ன்னாக. பாட்டில் முடிஞ்சுது. “நாலாவதையும் பாத்தாத்தான் தீர்ப்பு சொல்ல முடியும். ஒரு பாட்டில் தப்பா இருக்கலாம், ரெண்டும் தப்பா இருக்காது”ன்னாக. அதுவும் முடிஞ்சுது. எழுந்திரிச்சு நின்னு தோள் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, “இது பீரு இல்ல”ன்னாக.

“நெசமாவா?”

“வீரபாண்டி கௌமாரி மேல சத்தியம். நான் பாக்காத பீரா? பீருன்னா வாசமே இருக்காது, ஐஸ் போயிருச்சுன்னா வெறும் சாக்குத் தண்ணி. இது மணக்குது மச்சான். நார்த்தை இலையைக் கசக்கின மாதிரி மணக்குது. எந்த ஊருலய்யா பீரு மணக்குது? இது ஏதோ பச்சிலைச் சாறு கலந்த பழரசம். உடம்புக்கு நல்லது.” இம்புட்டும் சொல்லிட்டு, நம்ம வாசல்ல இறங்கி அவுக தோட்டத்துக்குப் போறதுக்குப் பதிலா நம்ம மாட்டுத் தொழுவத்துக்குள்ள போயி, அங்கனயே உக்காந்து மாட்டுக்குப் புத்தி சொல்லிக்கிட்டு இருந்தாக. ஆனா தீர்ப்பு தீர்ப்புதான? அப்பாவுக்கு உசிரு வந்துச்சு. உடம்புக்கு நல்லதுன்னு கேட்டதும் அம்மா அஞ்சாவது பாட்டிலைத் தனக்குன்னு எடுத்து வச்சு, மூணு நாள் மத்தியானத்துல ஒரு அவுன்சு கிளாஸ் மருந்து மாதிரி குடிச்சா. ரெண்டாம் நாளே நுரை போயிருச்சுன்னு வருத்தப்பட்டா.

இப்ப என் பங்கைச் சொல்லிடுறேன். அந்த ஞாயித்துக்கிழமை தம்ளர் எல்லாம் கழுவ நான்தான் எடுத்துட்டுப் போனேன். அப்பா தம்ளர் அடியில ஒரு விரக்கடை மிச்சம் இருந்துச்சு. என்ன ரகமா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும், நம்ம பன்னீர்த் திராட்சை எந்த மூலையில பறிச்சதுன்னு நாக்குல வச்சே சொல்லுவேன்ல, அந்தத் திமிருல குடிச்சுட்டேன். அண்ணே, எனக்கு ஒண்ணுமே விளங்கலை. அதுல எந்தத் திராட்சையும் இல்லை. குடிக்கும்போது சாத்துக்குடித் தோலைக் கண்ணுக்கு நேரா பிதுக்கின மாதிரி ஒரு வாசம். அப்புறம் கசப்பு வந்து தொண்டைக்கு முன்னாடி ஆணி அடிச்ச மாதிரி உக்காந்துக்கிருச்சு, போக மாட்டேங்குது. த்தூன்னு துப்பப் போனேன், ஆனா முழுங்கி முடிச்சிருந்தேன். கசப்பு போகட்டும்னு காத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில அது போனதும், என்னமோ விருந்தாளி ஊருக்குப் போன மாதிரி வாய் வெறிச்சுன்னு ஆயிருச்சு. கசக்கிறதைத் தேடுமா ஒரு வாய்? தம்ளரைக் கவுத்து நாக்குல தட்டிப் பாத்தேன். அது ஏன்னு இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியலை. பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆனா அந்தத் தம்ளரை மட்டும் கடைசியாத்தான் கழுவினேன்.

இதெல்லாம் போகட்டும். அப்பா இதோட விடலை. அதுக்குத்தான் இந்தக் கடிதம். புது ரகத்துக்கு நம்ம தாழ்ந்த பந்தல் ஆகாது, படத்துல இருக்கிற மாதிரி உயரக் கம்பு நடணும்னு பன்னெண்டடித் தைல மரக் கம்பு இருபது கொண்டாந்து இறக்கியாச்சு. சுருளியாண்டி மாமாவும் இன்னும் நாலு பேரும், உன் மகன் கொடி அனுப்பினதும் எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு குச்சி குடுன்னு சொல்லி வச்சிருக்காக. அப்பாவும் தலையாட்டிட்டாக. பந்தல் பூராத்தையும் ஒரேயடியா எடுக்க வேண்டாம், மொதல்ல வடக்கு மூலையில சோதனை பாப்போம், அங்கன இருக்கிறது சின்னக் கொடிதான், வெட்டினாலும் நட்டமில்லைன்னு முடிவு. நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள் கழிச்சு மறுநாள் வெட்டு.

அந்த வடக்கு மூலை என்னோடதுண்ணே. ரெண்டு வருசத்துக்கு முந்தி நீ மொதத் தடவை கப்பலுக்குப் போன பிறகு அங்கன பட்டுப்போன கொடியை எல்லாம் எடுத்துட்டு, நான்தான் பதினெட்டுக் குச்சி ஊனினேன். குடத்துல தண்ணி சுமந்து ஊத்தினேன். சாம்பல் நோய் வந்தப்ப இலை இலையாத் துடைச்சேன். கம்பியில ஏத்திவிட்டப்ப அப்பாவே, “இது உன் கொடி ஆத்தா, காய்ச்சா உன் பழம்”னாக. காய் பிடிக்கட்டும்னு ஆடியில நானே கத்தரி பிடிச்சுக் கவாத்து வெட்டிவிட்டேன். முதல் காய்ப்பு இப்பத்தான் பட்டாணி அளவுக்கு வந்திருக்கு. கிறிஸ்மஸுக்கு முந்தி கருத்துரும். பள்ளிக்கூடத்துல இருந்து நின்ன பிறகு, இது நான் பண்ணினதுன்னு காட்ட எனக்கு இருக்கிறது அந்தப் பதினெட்டுதான். அப்பா மறந்துட்டாக. மனசறிஞ்சு செய்யலை. வெளிநாட்டுக் கொடியையே பாத்துக்கிட்டு இருக்கிறதால உள்ளூர்க் கொடி கண்ணுல படலை. நான் ஞாபகப்படுத்தலாம்னு மூணு தடவை பக்கத்துல போயி நின்னேன். மூணு தடவையும், “என்ன ஆத்தா, தண்ணியா?”ன்னாக. ஆமான்னு தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு வந்துட்டேன்.

வேற வழி தெரியாம, செஞ்ச பாவத்தையாவது சாமிகிட்ட சொல்லிருவோம்னு நேத்து சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நம்ம பங்குச் சாமியார் ஞானசிகாமணி சாமி ஜெர்மனியில நாலு வருசம் படிச்சவுகன்னு உனக்குத் தெரியும். சாமி உக்காந்திருக்கிற மரத்தொட்டிக்கு வெளிய முட்டி போட்டு, “சாமி, ஒரு தம்ளர் அடியில இருந்ததைக் குடிச்சேன்”னேன்.

“என்ன குடிச்ச மகளே?”

“தெரியலை சாமி.”

“தெரியாமக் குடிச்சா அது எப்படிப் பாவம்?”

“தெரியாமத்தான் குடிச்சேன் சாமி. ஆனா தம்ளரைக் கவுத்துத் தட்டினது தெரிஞ்சு தட்டினது.”

சாமி கதவுகிட்ட காதைக் கொண்டாந்தாக. அப்புறம், எப்படி இருந்துச்சுன்னு கேட்டாக. நிறம், நுரை, எலுமிச்சந்தோல், கசப்பு, படம், கயித்துல முறுக்கி ஏறுற கொடி, பச்சைக் குலை எல்லாம் சொன்னேன். அம்மா சக்கரை போட்டதையும் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்துச்சு. இருமல்னு நினைச்சேன். ரொம்ப நேரம் இருமினாக. பிறகு அது என்னன்னு சொன்னாக அண்ணே. ஒரே வார்த்தை. அந்தப் பச்சைக் குலை என்னங்கிறதையும் சொன்னாக. “சாமி, நீங்களே அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க”ன்னேன். “பாவசங்கீர்த்தனத்துல பேசினதை வெளிய சொல்லக் கூடாது மகளே, உசிரு போனாலும் கூடாது. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போ”ன்னாக. பின்னாடி வரிசையில ஒரு கிழவி தொண்டையைச் செருமவும் நான் எந்திரிச்சுட்டேன்.

இப்ப என் நிலைமையைப் பாரு. உள்ள பேசினது வெளிய வரக் கூடாதுன்னா, பேசினது ரெண்டு பேரு. அவுக வாய்க்குப் பூட்டுன்னா என் வாய்க்கும் பூட்டுதான? முன்னாடி எனக்குத் தெரியாது, சொல்ல வாய் வரலை. இப்பத் தெரியும், சொல்லக் கூடாது. எப்படிப் பாத்தாலும் வெட்டு விழப் போறது என் கொடிக்குத்தான். உன்கிட்டயும் அந்த வார்த்தையை எழுதக் கூடாது. ஆனா சின்னக்கருப்பு மாமா கௌமாரி மேல சத்தியம் பண்ணி எது இல்லைன்னு சொன்னாகளோ, அதை நீ ஒருக்கா நினைச்சுப் பாத்துக்க. நான் எதுவும் சொல்லலை.

நீ அனுப்பினவன். உனக்கு எந்தப் பூட்டும் கிடையாது. அதனால இந்தக் கடிதம் கிடைச்ச அன்னைக்கே, கப்பல் எங்க நின்னாலும் இறங்கிப் போயி, அப்பாவுக்கு ஒரு தந்தி குடு. ‘அது திராட்சை இல்லை’ன்னு மூணு வார்த்தை போதும். பிறகு விவரமா ஒரு கடிதம் எழுதி, உண்மை என்னவோ அதை அப்படியே எழுது. ஒண்ணையும் மறைக்காத. நம்ம வீட்டுல எல்லாரும் உண்மையைத் தாங்குவாக. கல்லறைத் திருநாளுக்கு முந்தி வரணும். இனிமே எந்தப் பாட்டிலும் அனுப்பாத. சோப்பு அனுப்பு, போதும்.

அம்மா உன்னை வேளா வேளைக்குச் சாப்பிடச் சொன்னா. சமைக்கிறவன் பட்டினி கிடப்பான்னு அவளுக்கு ஒரு பயம். அப்பா உன்னை நினைச்சுப் பெருமைப்படுறாக, அந்தப் பெருமையில இருந்து அவுகளை எப்படிக் காப்பாத்துறதுன்னுதான் தெரியலை. ஆண்டவர் உன்னையும், நீ நிக்கிற பலகையையும், பலகைக்குக் கீழ இருக்கிற தண்ணியையும் ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
பதினெட்டுக் கொடிக்குச் சொந்தக்காரி (கல்லறைத் திருநாள் வரைக்கும்),
உன் தங்கை
அமலோற்பவம்

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை எழுதுவது): அண்ணே, தந்தி குடுத்துறாத. மேல எழுதினது எதையும் செய்யாத. உறையை எடுத்துக்கிட்டு, இங்கிலீசுல விலாசம் எழுதி வாங்கக் கன்னியர் மடத்துக்குப் போனேனா, அங்கன சிஸ்டர் ஏன் மூஞ்சி வீங்கியிருக்குன்னு கேட்டாக. பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு மட்டும் கேட்டேன். சிஸ்டர் விழுந்து விழுந்து சிரிச்சு, “பூட்டு சாமியாருக்குத்தாண்டி. பாவம் உன்னது, வாய் உன்னது, நீ ஊரெல்லாம் கூடச் சொல்லிக்கலாம்”னாக. அப்படியே பந்தலுக்கு ஓடினேன். அப்பா வடக்கு மூலையில கம்பு நட முதல் குழி தோண்டிக்கிட்டு இருந்தாக.

“என்ன ஆத்தா, தண்ணியா?”

“இல்லப்பா. அது திராட்சை இல்ல. பீரு. அந்தப் பச்சைக் குலை பழமே இல்ல, பூவு. கசப்புக்குப் போடுறது. இது என் கொடி. நீங்கதான் குடுத்தீக. வெட்டாதீக.”

பள்ளிக்கூடத்துல இருந்து நின்ன இந்த அஞ்சு வருசத்துல அப்பாகிட்ட நான் சேந்தாப்புல இம்புட்டுப் பேசினது இதுதான். அப்பா மம்பட்டியை வச்சுட்டுக் குழி விளிம்புல உக்காந்துட்டாக. யாரு சொன்னதுன்னாக. பங்குச் சாமின்னேன். மேல தொங்குற பட்டாணிக் காயைக் கையால தொட்டுப் பாத்தாக. “வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன ஆத்தா, நான் என்ன சிங்கமா?”ன்னாக. அதுக்குள்ள என் வாய் பழையபடி ஆயிருச்சு. பிறகு அப்பா குரலைத் தாழ்த்தி, “அம்மாவுக்குத் தெரியுமா?”ன்னாக.

“எது?”

“அவ குடிச்சது என்னன்னு.”

“தெரியாது.”

“தெரியவே கூடாது. அவ வேன்ல ஏறினவடி.”

அதனால, கொடியை வெட்டலை. ஆறாவது பாட்டிலை அந்தக் குழியிலயே போட்டு மூடியாச்சு. குழிக்குப் பக்கத்துல கொண்டு போகும்போது அது நிறைஞ்ச பாட்டில், மண்ணு போடும்போது காலி பாட்டில். நடுவுல அப்பா என்னைத் தண்ணி கொண்டாரச் சொன்னாக, அதனால நான் எதையும் பாக்கலை.

இப்ப நீ செய்ய வேண்டியது. அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. அந்தப் பச்சைத் திராட்சை ரொம்ப உசந்த ரகம், ஆனா அதோட குச்சியை வெளிநாட்டுக்குக் குடுக்க அந்த ஊரு சர்க்கார் சம்மதிக்கலை, சாறும் இனிமே கிடைக்காதுன்னு எழுது. தெளிவா, பெரிய எழுத்துல எழுது. சுருளியாண்டி மாமாவையும் மத்தவுகளையும் உக்கார வச்சு அப்பா அதைச் சத்தமா வாசிக்கணும், அம்மாவும் கேக்கணும். அம்மா கிறிஸ்மஸுக்கு மாதர் சங்கத்துக்குன்னு இன்னும் இருபது பாட்டில் அனுப்பச் சொல்லித் தனியா எழுதுவா. அவளுக்கு முட்டி வலி போயிருச்சாம். அதுக்குப் பதில் எழுதும்போது பாத்து எழுது.

ஒரு வீட்டுல மூணு பேரு சேந்து ஒரு பொய் சொன்னா, அது மூணு பாவமா இல்ல ஒரே பாவத்துல மூணு பங்கான்னு எனக்குத் தெரியலை. வர்ற சனிக்கிழமை அப்பாவும் பாவசங்கீர்த்தனத்துக்கு வர்றாகளாம். சாமி யாரு சொன்னதை மொதல்ல கேட்டா இருமாம இருப்பாகன்னு யோசிக்கிறேன். வரிசையில அப்பாவுக்கு முன்னாடி நிக்கிறதா, பின்னாடி நிக்கிறதா, அதுதான் இப்ப எனக்கு ஒரே குழப்பமா இருக்கு.